பார்க்காத கடைசிச் சுற்று

விளம்பரம் போட்டுவிட்டான். பற்பசைக்காக ஒரு குடும்பமே ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறது. இது முடிந்தால் கடைசிச் சுற்று. இளிக்கட்டும், நன்றாக இளிக்கட்டும், ஒன்றும் அவசரமில்லை என்று நினைத்தாள் செண்பகம். நினைத்து முடிப்பதற்குள், கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது, சட்டுப்புட்டென்று போட்டுத் தொலைத்தால் என்ன என்றும் நினைத்தாள். கோவில்பட்டியில் கரண்ட்டை நம்பி யார் என்ன செய்துவிட முடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாதித் தெரு அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் தரையில். அவளை மட்டும் நாற்காலி போட்டு டி.வி.க்கு நேர் எதிரே உட்கார்த்திவைத்திருந்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கேட்டால்தானே. "அதெப்படி? எந்தம்பி பேசுததை நீ பாக்காம வேற யாரு பாக்க?" என்று கோமதி மதினி தோளைப் பிடித்து அழுத்திவிட்டாள். மதினி செண்பகத்தின் புருஷனுக்கு அக்கா. தம்பி போன அன்று தெருவே அதிர அழுதவள், இன்றைக்குத் தம்பி டி.வி.யில் வருகிறான் என்று பட்டுக்கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத் தப்புச் சொல்ல முடியாது. துக்கமும் பெருமையும் ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் வந்தால் எதற்கு உடுத்துவது என்று யாருக்குத்தான் தெரியும். அவர் சென்னைக்குப் போய் அந்தக் கேள்வி-பதில் நிகழ்ச்சி மேடையில் உட்கார்ந்தது சித்திரையில். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் இறுக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது வைகாசியில். டி.வி.க்காரன் காட்டுவது ஆனியில். முதலில் கறுப்பாக ஒரு திரையைக் காட்டி ஆவுடையப்பன் அவர்களுக்கு எங்கள் அஞ்சலி என்று எழுத்துப் போட்டான். மறு நிமிஷம் ஆவுடையப்பனே கையை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து உட்கார்ந்தார். மதினி "ஏ அய்யா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் எல்லோரும் அவர் சரியாகச் சொன்னால் கைதட்டவும், தடுமாறினால் உச்சுக்கொட்டவும் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் செத்துப்போனதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

இப்போது சோப்பு விளம்பரம். மேடை ஓரத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த அந்தக் காரைப் பற்றித்தான் கூடத்தில் பேச்சு. கடைசிச் சுற்றில் ஒரே ஒரு கேள்வி, அதைச் சொன்னால் கார். அண்ணாச்சி சொல்லிருவாருலா, அவருக்குத் தெரியாத விஷயமா என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்லமாட்டார். தோற்றுப்போவார். அது செண்பகத்துக்குத் தெரியும். ஒளிபரப்பாகிறவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று டி.வி.க்காரர்கள் சொல்லியனுப்பியதால் மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எப்படித் தோற்றார், என்ன கேள்வி, தோற்றதும் முகம் எப்படிப் போயிற்று, என்ன பேசினார், ஒன்றும் தெரியாது. அந்தச் சுற்றை அவள் பார்க்கவில்லை. முதல் வரிசையில், தூணை ஒட்டின ஓரத்து நாற்காலி, அவளுக்கென்று போட்டது, அதில் அவள் இல்லை. டி.வி. ஆபீசிலிருந்து போன் வந்தபோது, இப்படி ஆகிவிட்டதே அம்மா, ஒளிபரப்பலாமா, வேண்டாமா, உங்கள் இஷ்டம் என்று ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்கள். மகள் வடிவு தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். இவள் போனைப் பிடுங்கி, போடுங்க, கண்டிப்பாப் போடுங்க என்றாள். ஊரே அதைப் புருஷன்மேல் உள்ள பெருமை என்று எடுத்துக்கொண்டது. பெருமையாவது ஒன்றாவது. அந்த மனிதர் இவ்வளவுதான், இனிமேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புதுசாக ஒன்றும் கிடையாது என்று ஆகிவிட்ட வீட்டில், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று யாரோ போன் செய்து சொன்னால் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? அவள் கேட்காத ஒரு நாலு வார்த்தை. அவள் பார்க்காத ஒரு முகம். இந்த விளம்பரம் முடிந்ததும் அதுவும் தீர்ந்துவிடும். மறுபடி போடுவார்கள்தான், மத்தியானத்தில் பழசையெல்லாம் போடுகிறார்களே. ஆனால் எத்தனை தடவை போட்டாலும் புதுசாகப் பார்ப்பது இந்த ஒரு தடவைதான். அதைப் பார்க்க ஆசை. பார்க்கப் பயம்.

பயம் எதற்கென்றால் அந்த நாற்காலிக்கு. அவர் திரும்பிப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதைத்தான் இத்தனை நாளும் சொல்லிச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நீட்டிய கைக்கு அப்பால் எல்லாம் புகைதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர், தன் கண்ணாடி இல்லாவிட்டால் தோசையா சட்னியா என்று விரலால் தொட்டுப் பார்க்கிற ஆள். அன்று காலையில் முகத்துக்கு மாவு பூசுகிற பையன் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்லிவிட்டான். விளக்கு பட்டு மின்னுகிறதாம், கண்ணே தெரியவில்லையாம். "கண்ணாடிக் கடைக்காரனையே கண்ணாடி இல்லாம காட்டப் போறியாடே, நல்ல கூத்து," என்று சிரித்துக்கொண்டே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் சிவப்பாகத் தெரிந்தது. அதைக்கூட மாவு வைத்து அடைத்தான் அந்தப் பையன். மேடைக்குப் போகுமுன் இவள் பக்கம் வந்து, இவள் இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "ஏட்டி, நீ எங்க இருக்கன்னு சொல்லிரு. எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. இருந்தாலும் இன்ன எடத்துல இருக்கன்னு ஒரு இது வேணும்லா," என்றார். தூண் பக்கத்தில ஓரத்து நாற்காலி என்றாள். தூண், ஓரம், என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் மனசில் ஏற்றுவார், வாயால் ஒருதடவை சொல்லி. அதனால்தான் ஏதாவது மலையின் உயரமும் எவனோ ராஜா பட்டத்துக்கு வந்த வருஷமும் இந்த வீட்டுச் சாப்பாட்டில் எப்போதும் கலந்து கிடந்தன.

"ஏ செண்பகம், நீ மட்டும் ஏன் இப்படி வெறைச்சுப்போய் இருக்க? தண்ணி குடிக்கியா?" என்றாள் மதினி. வேண்டாம் மதினி என்றாள். செல்போன் விளம்பரம். ஒரு பையன் மலை உச்சியில் நின்று அம்மாவிடம் பேசுகிறான். இவ்வளவு நேரம் வந்த சுற்றுகளில் இவள் முகத்தையும் ரெண்டு மூணு தடவை காட்டினார்கள். கைதட்டுகிற முகம், சிரிக்கிற முகம், கையைக் கோத்து நெஞ்சில் வைத்துச் சாமி கும்பிடுகிற முகம். ஒவ்வொரு தடவையும் கூடம் ஆர்ப்பரித்தது. இந்த வித்தை வேறு யாருக்கும் தெரியாது. அந்த முகமெல்லாம் காலையிலேயே எடுத்தது. அவர் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு அலைந்த ஒரு பெண் இவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஆன்ட்டி சிரிங்க, ஆன்ட்டி கைதட்டுங்க, இப்ப பயந்த மாதிரி, இப்ப கும்பிடுங்க, இப்ப அழுங்க என்று வரிசையாக வேலை வாங்கினாள். வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். எல்லாம் செய்துவிட்டாள், அழுகைதான் வரவில்லை. புருஷன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் மாவு பூசிக்கொண்டிருக்கிறார், சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம் என்று வேறு சொல்லியிருக்கிறார், அழு என்றால் எங்கிருந்து வரும்? அந்தப் பெண் சலிக்காமல் தலைவலித் தைலத்தைக் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டாள். எரிச்சலில் கொட்டிற்று பாருங்கள் கண்ணீர், அருவி மாதிரி. சூப்பர் ஆன்ட்டி என்றாள் அந்தப் பெண். அந்த முகத்தை மட்டும் இன்னும் காட்டவில்லை. எங்கே ஒட்டப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண்தான் சொன்னாள். கடைசிச் சுற்றுக்கு முந்தின இடைவேளையில் வந்து, ஆன்ட்டி, உங்களோடது எல்லாம் எடுத்தாச்சு, இனி நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான், போய்ச் சாப்பிடுங்க என்று. ஆனால் போ என்று அவள் பிடித்துத் தள்ளவில்லையே. உள்ளே ஏசி குளிர் எலும்பில் இறங்கியிருந்தது. பசித்தது. வெளியே மரத்தடியில் பொட்டலச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் தின்றுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மெர்சி என்று ஒருத்தி, சென்னைக்காரி, கூலிக்குக் கைதட்ட வருகிறவள். காலையிலிருந்து தட்டித் தட்டி உள்ளங்கை மரத்துப்போயிற்று என்று கையைக் காட்டினாள். எங்க வீட்டுக்காரர்தான் மேடையில இருக்காக என்று இவள் ஆரம்பித்தாள். "அத்த வுடுக்கா, அவர காலைலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். நீ சொல்லு, நீ இன்னா பண்ற?" என்றாள் மெர்சி. நீ என்ன செய்கிறாய். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு எவ்வளவு காலமாகிறது? நான் சும்மாதான் என்று சொல்லிவிட்டு, அப்புறம் எங்கிருந்து வந்ததோ, நான் பள்ளிக்கூடத்தில ஹாக்கி ஆடுனேன் என்றாள். எங்க ஊர் ஹாக்கிக்குப் பேர்போன ஊர், லெஃப்ட் விங் நான், மதுரை வரைக்கும் போய் ஆடியிருக்கோம், முட்டியில இந்தத் தழும்பு அப்ப வந்ததுதான் என்று சேலையைக் கொஞ்சம் தூக்கியே காட்டிவிட்டாள். வீட்டில் அந்தக் கதையை எடுத்தால் "இவ ஹாக்கி ஆடினவ தெரியும்லா" என்று அவரே தொடங்கிவிடுவார். ஒலிம்பிக்கில் இந்தியா எந்த வருஷம் யாரை ஜெயித்தது என்று போய், கதை ஊர் உலகமெல்லாம் சுற்றுமே தவிர அவளிடம் திரும்பி வராது. கெட்ட மனிதர் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். மரத்தடியில் அன்றைக்குக் கதை முழுக்க அவளுடையது. பந்தை எப்படி ஒதுக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒரு குச்சியைப் பொறுக்கி மெர்சிக்குச் செய்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ கொடுக்கிறவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பசியைக்கூட மன்னித்துவிடலாம். அவர் உள்ளே தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வெளியே இருபது வயசு குறைந்து நின்றாள்.

திரும்பி ஓடி வந்தபோது கதவுக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தது. படம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். "லைட் எரிஞ்சா தொறக்கக் கூடாதும்மா. டைரக்டரே வந்தாலும் நிக்க வேண்டியதுதான்," என்றார் காவல்காரர். என் வீட்டுக்காரர் உள்ளே இருக்காகய்யா என்றாள். எல்லார் வீட்டுக்காரரும் உள்ளேதாம்மா இருக்காங்க என்றார் அவர். சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். கைதட்டல் கேட்டது. அங்கே எதற்குத்தான் தட்டமாட்டார்கள்? பல்ப் அணைந்தது. முதல் ஆளாக வெளியே வந்தவர் அவர்தான். கிட்டத்தட்ட ஓடி வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, இவளைக் கண்டதும் நின்றார். "இங்கதான் இருக்கியா," என்றார். அப்புறம் சிரித்து, "போச்சு ஏட்டி," என்றார். "பாத்தேங்க. பாத்துட்டுத்தான் மொதல்ல வெளிய வந்தேன். வருத்தப்படாதீக," என்றாள் இவள். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிற்று. "ம்," என்றார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றால் எப்போது என்று வரும், அதனால் இல்லை என்றாள். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் முழுச்சாப்பாடு வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்த வயிற்றில் அந்தச் சோற்றை அவள் தின்ற பாடு அவளுக்குத்தான் தெரியும். உள்ளே நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தேன் என்று சொன்னவளிடம் எதற்குச் சொல்வார்? எதைக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுகிற மனிதர், அதைப் பற்றி மட்டும் ஊர் வருகிறவரை, ஊர் வந்தும், போய்ச் சேருகிறவரைக்கும் பேசவே இல்லை. இதில் இடறுகிற ஒன்று உண்டு. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கண்ணாடி போட்டிருந்தார். வெளியே வந்து மாட்டியிருப்பார். வாசலில் வைத்து மாட்டியிருப்பார். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்?

"போட்டுட்டான், போட்டுட்டான்," என்று கூடம் அடங்கியது. வடிவு வந்து தரையில், அம்மாவின் காலை ஒட்டி உட்கார்ந்தாள். மேடை. நீல விளக்கு. அவர். உயரமான முக்காலியில், கால் தரையில் பாவாமல். கண்ணாடி இல்லை. இல்லை, நல்லது, அப்படியே இருங்கள். மாவுக்கு மேலே நெற்றியில் வியர்வை மினுங்கிற்று. துடைத்துவிட ஆள் இல்லை அங்கே. இந்தச் சட்டையை இஸ்திரி போட்டதே நான்தான், காலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறதே, யாரும் பார்க்கமாட்டார்களா. இதெல்லாம் இப்போதுதான் பார்க்கிறாள். இது புதுசு. இந்த மூச்சு புதுசு. எச்சில் விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குகிறதே, அதுகூட இதுவரை அவள் பார்க்காதது. மெதுவாக, மெதுவாக என்று யாரிடம் சொல்வது. நிகழ்ச்சி நடத்துகிற கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடைசிக் கேள்வி. பயமா இருக்கா சார்?" என்றார். "பயம்லாம் இல்ல சார். ஒரு நிமிஷம் இருங்க," என்று அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். வேண்டாம். செண்பகம் நாற்காலியின் பிடியை இறுக்கினாள். வேண்டாங்க. அவர் கண்ணாடியை எடுத்து, யாரும் செய்யக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடிப்பாரே, அதேபோலச் சட்டை நுனியில் துடைத்தார். "லைட் அடிக்குமே சார்," என்றார் கோட்டுக்காரர். "அடிச்சா அடிச்சிட்டுப் போட்டும் சார். எம் பொண்டாட்டி அங்கன இருக்கா. அவ மொகத்தை ஒருதடவை பாத்துக்கிடுதேன்." அரங்கத்தில் ஓவென்று சத்தம். கூடத்திலும் அதே சத்தம். மதினி திரும்பி இவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டு வில்லையிலும் விளக்கு வெள்ளையாக நின்றது, கண் தெரியவில்லை. அப்படியே நின்றுவிடட்டும் அந்த வெள்ளை. தலையைக் கொஞ்சம் சாய்த்தார். கண் தெரிந்தது. கண் தூணுக்குப் போயிற்று. தூணுக்குப் பக்கத்தில் நின்றது. நின்று, இடது பக்கம் போயிற்று, பின்வரிசைக்குப் போயிற்று, இன்னும் பின்னால், கதவுப் பக்கம் போயிற்று, திரும்ப நாற்காலிக்கு வந்தது. பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவன் பார்க்கிற பார்வை. அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. இன்னொரு நொடி காட்டியிருந்தால் என்ன ஆகியிருப்பாளோ, அதற்குள் டி.வி.யில் அவள் முகம் வந்துவிட்டது. கண்ணிலிருந்து தாரையாக வழிகிறது, உதடு நடுங்குகிறது, தைலம் என்று யாரால் சொல்ல முடியும். "ஐயோ, எங்க செண்பகத்தைப் பாரேன்," என்று மதினியும் சேர்ந்து அழுதாள். போங்க, என்னைக் காட்டாதீக, அவுகளைக் காட்டுங்க, என்று செண்பகம் வாய்க்குள் கத்தினாள். அந்த அழுகிற முகத்தின்மேல் கோட்டுக்காரரின் குரல் மட்டும் கேட்டது. "தெரியுறாங்களா சார்?" அப்புறம் அவர் குரல். "ஆமா சார், இருக்கா."

இருக்கா என்றார். வெறும் நாற்காலியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், இருக்கா என்றார். அப்புறம் வெளியே ஓடி வந்து, இவள் பார்த்தேன் என்று பொய் சொன்னபோது ம் என்றார். எதிரே உட்கார்ந்து சோறு தின்னவைத்தார். எல்லாம் தெரிந்த மனிதர், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு மாசம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறார். ஏன் கேட்கவில்லை? எங்கட்டி போன என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால், மரத்தடியில் இருந்தேன், ஹாக்கிக் கதை பேசிக்கிட்டிருந்தேன் என்று சொல்லியிருப்பாள், அவரும் தலையில் அடித்துக்கொண்டு ஒலிம்பிக் கதையை ஆரம்பித்திருப்பார், அதோடு முடிந்திருக்கும். டி.வி.யில் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் கிரகத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார். "அடியே, இது எனக்கே தெரியும்லா," என்று மதினி எழுந்தே விட்டாள். எப்படித் தெரியாமல் இருக்கும்? கண்ணாடித் தொழில் செய்கிற எல்லாருக்கும் ஹெர்ஷல்தான் சாமி என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அந்த ஹெர்ஷல் தொலைநோக்கிக்குத் தன் கையாலேயே ஆடி தேய்ப்பார், தேய்க்கிற கையை எடுக்க முடியாது என்று கூடப்பிறந்த தங்கச்சி பக்கத்தில் நின்று சோறு ஊட்டுவாள், அப்படித் தேய்த்த ஆடியில் பார்த்துத்தான் புதுசாக ஒரு கிரகத்தையே கண்டார் என்று மதினியிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பார். கலிலியோ, நியூட்டன், ஹெர்ஷல், ஹாலி என்று நாலு பெயரைக் கோட்டுக்காரர் வாசித்தார். முக்காலியில் இருந்தவர் அதைக் கேட்கவே இல்லை. காது இங்கே இல்லை. கண் கதவுப் பக்கம் இருந்தது. யாராவது கதவைத் திறந்தால் அந்த வெளிச்சத்தில் அவள் வருவாள் என்று பார்க்கிறார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டாளா, ஊர் தெரியாத ஊரில் எங்கே போய் நிற்கிறாளோ என்று பார்க்கிறார். அது இவளுக்கு மட்டும்தான் தெரிகிறது. ரொம்ப யோசிக்கிறாரு அண்ணாச்சி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "நேரம் இருக்கு சார், நிதானமா யோசிங்க," என்றார் கோட்டுக்காரர். "நீங்க கடைசியாச் சொன்னீகளே, அதையே வச்சுக்கிடுங்க சார்," என்றார் அவர்.

தப்பு என்று ஊதல் ஒன்று அலறிற்று, நீல விளக்கு சிவப்பாயிற்று. "எல்லாம் தெரிஞ்சவனுக்கு என்ன வந்துது?" என்று மதினி தரையில் உட்கார்ந்தாள். கோட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். இவ்வளவு தூரம் வந்து கை நழுவிப்போயிற்றே, நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார். அவர் முக்காலியிலிருந்து ஏற்கெனவே இறங்கியிருந்தார். பேசுங்க. ஏதாவது பேசுங்க, எவ்வளவோ பேசுவீகளே, இதுதான் கடைசி, இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கிடையாது என்று செண்பகம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல சார். நான் போலாமா?" என்றார். "என்ன சார் இவ்வளவு அவசரம்? ரயிலுக்கு நேரமாச்சா?" என்று கோட்டுக்காரர் சிரித்தார்.

"ரயிலு ராத்திரிதான் சார். அவ தனியா இருப்பா."

சொல்லிவிட்டுப் படியைப் பார்க்காமல் இறங்கி, விளக்கு படாத பக்கமாகப் போய்விட்டார். அரங்கம் தட்டிற்று. காரைக் காட்டினார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கூடத்தில் யாரோ எழுந்து விளக்கைப் போட்டார்கள். அம்மா, என்றாள் வடிவு. மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "என்னத்தச் சொல்லுதான் இவன்? தனியா எங்க இருந்த? நீ எதுத்தாப்புலதான உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த?"

"தனியாத்தான் இருக்கேன் மதினி," என்றாள் செண்பகம். மதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனாலும் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.